வயலினை வசமாக்கிய வல்லவர்

(இளம் அறிவியல், இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

ஆகஸ்ட் 15 அன்று நம் புதுவைக் கடற்கரைச் சாலையில் காவல்துறையின் பேண்டு வாத்தியம் முழங்கும்போது, நின்று கேளாத கால்களும் உண்டோ? கேட்டவர் பலர், வீட்டிற்குப் போனதும் மறந்தவரும் பலர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் சென்னைக் கோட்டையில் இத்தகைய பேண்டைக் கேட்ட ஓர் இளைஞர் மட்டும் மறக்கவில்லை. அவரே பாலுசாமி தீட்சிதர். அவர்தம் வாழ்வைச் சிறிது காண்போம்.

இளமை

பாலுசாமி 1786-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை இராமசாமி தீட்சிதர், அம்சத்துவனி இராகத்தை ஆக்கியவர் எனப் போற்றப்படுபவர். தமையனோ, இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதர். வீணையும் வாய்ப்பாட்டும் அவ்வீட்டின் அன்றாடப் பேச்சு. திருவாரூரில் வாழ்ந்த இக்குடும்பம், மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வரின் ஆதரவால் சென்னைக்கு வடக்கேயுள்ள மணலியில் குடியேறியது. அவருடைய மகன் சின்னையா முதலியார் ஆங்கிலக் கம்பெனியாரிடம் துபாஷியாக இருந்தவர். அவருடன் கோட்டைக்குச் சென்ற தீட்சிதர் சகோதரர்களின் செவியில் மேனாட்டு இசை விழுந்தது.

ஒரே இசை, இரு வழிகள்

அந்த இசையைத் தமையனும் தம்பியும் கையாண்ட விதம்தான் வியப்பு. தமையனார் மேனாட்டு மெட்டுகளை அப்படியே எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு வடமொழியில் பாடல் புனைந்தார். ஏறத்தாழ நாற்பது உள்ள அவை நோட்டுஸ்வரங்கள் எனப்படும். நம் சங்கராபரணமும் மேனாட்டார் முதன்மையாகக் கொள்ளும் ஸ்வர வரிசையும் ஒன்றேயாதலால் அவ்வேலை இயைந்தது. தம்பியோ மெட்டை விட்டுவிட்டுக் கருவியை எடுத்துக்கொண்டார்!

முதலியாரின் ஏற்பாட்டில் ஐரோப்பியக் கலைஞர் ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் வயலின் பயின்றார் பாலுசாமி. இசைமேதையின் மகன் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார் என்பதை எண்ணிப் பாருங்கள். முதலில் அக்கருவியை அதன் இலக்கணப்படியே கற்றார். பின்னரே நம் இராகங்களை அதில் அமைக்க முனைந்தார்.

கருவியில் மாற்றம்

அது எளிய செயலா? மேனாட்டு முறையில் வயலினின் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று 3:2 என்ற அதிர்வு விகிதத்தில் கூட்டப்படும். நம் முறையில் ஸ, ப, ஸ, ப எனக் கூட்டுகிறோம். ஸவுக்கும் பவுக்கும் இடையே 3:2. பவுக்கும் மேல் ஸவுக்கும் இடையே 4:3. இந்தச் சிறு மாற்றத்தால் ஆதார சுருதி எப்போதும் விரலருகே நிற்கிறது. தவிரவும், நம் ஸ்வரங்கள் ஓரிடத்தில் அசையாமல் நிற்பவை அல்ல; அசைந்தும் வழுக்கியும் வருபவை. வயலினில் வீணைபோல் மெட்டுகள் பதிக்கப்படாததால் விரல் தடையின்றி வழுக்குகிறது, கமகம் பிறக்கிறது. தரையில் அமர்ந்து, கருவியின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கும் நம் வழக்கத்தில் இடக்கைக்கு அதைத் தாங்கும் சுமையும் இல்லை. பாலுசாமி திறந்த வழியில் பின்வந்தோர் நடந்து நடந்து இம்முறைகளை நிலைநாட்டினர். இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது!

எட்டயபுரத்தில்

அவர் புகழ் எட்டயபுரம் அரண்மனையை எட்டியது; அங்கே அரசவை வித்துவானாக அமர்ந்தார். நம் புதுவையில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியார் பிறந்த ஊரும் அதுவே. தமையனார் முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் அவ்வூரில்தான். பாலுசாமி தம் மகள் வயிற்றுப் பேரன் சுப்பராம தீட்சிதரைத் தத்தெடுத்து வளர்த்தார். 1859-இல் அவர் மறைந்தார். அந்தப் பேரன் 1904-இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலே இக்குடும்பத்தின் இசையையும் வரலாற்றையும் நமக்குக் காத்துத் தந்தது.

நமக்கு ஒரு பாடம்

சென்ற ஆண்டுமுதல் நானும் மாலை நேரங்களில் வயலின் பழகுகிறேன். அம்மா பாடும் தாலாட்டைத் தந்தியில் அமைக்க முயன்றேன். ஸ்வரங்களை எழுதிக்கொண்டு வாசித்தால் வரிசை சரியாக இருக்கும், தாலாட்டு இராது. தாள் ஓரமாக இருக்கட்டும் என்று வைத்துவிட்டு, அம்மாவைப் பாடச்சொல்லி அந்தக் குரலின் பின்னே வில்லை ஓட்டியபோதுதான் இரண்டு அடி வந்தது. அப்போதுதான் பாலுசாமியின் மூன்று ஆண்டுகள் எத்துணைப் பெரியவை என்று புரிந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பாடநூலின் மொழியும் ஆய்வுக்கூடக் கருவிகளும் எனக்கு அயலாகவே இருந்தன. இதெல்லாம் நம்மவர்க்கா என்ற தயக்கம் நெடுநாள் இருந்தது. அயலானது என்று ஒதுங்காமலும், அதற்காக நம் பாட்டை மறவாமலும் இருந்த அம்மனிதரை அறிந்தபின் அத்தயக்கம் பாதி குறைந்தது. மீதியைப் பயிற்சி குறைக்கும்.

வாழ்க பாலுசாமி தீட்சிதர் புகழ்!