அறிவே முதலாகத் தொழில் தொடங்கியவர்

படிப்பு முடிந்ததும் அரசாங்க உத்தியோகம் ஒன்று கிடைக்கவேண்டும் என்பதே எம் வீடுகளிற் பெற்றோரும் பிள்ளைகளும் கொண்டுள்ள பேரவா. சர்வகலாசாலையிற் பயிலும் நாமும் அவ்வாசைக்குப் புறம்பானவர்களல்லேம். ஆதலின், கைவசமிருந்த பெரும் பதவியைத் தாமே விட்டு விலகி, தம் அறிவையே முதலாக வைத்துத் தொழில் நடத்த முன்வந்த சேர் மோ. விஸ்வேஸ்வரையாவின் வரலாறு எமக்குச் சிந்தனைக்குரியது.

மைசூர் நாட்டு முத்தேனஹள்ளியிற் பிறந்த இவர் இளமையிலேயே தந்தையை இழந்தார். பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுத்துத் தாம் படித்து, 1881 இல் பி. ஏ. பட்டம் பெற்றார். பின்னர்ப் பூனாவில் எஞ்சினியர்க் கல்வி பயின்று, 1884 இல் பம்பாய் அரசின் மராமத்துப் பகுதியிற் சேர்ந்தார்.

சக்கர் நகருக்குக் குடிநீர் வசதி செய்தார். பூனாவுக்கு அணித்தான கடக்வாஸ்லா அணையில், வெள்ளம் ஏறும்போது தாமே திறந்து, வடியும்போது தாமே மூடிக்கொள்ளும் கதவுகளை 1903 இல் அமைத்தார். உச்சப் பதவிகள் இந்தியருக்கு எளிதில் எட்டாத அக்காலத்தில், 1908 இல் சேவையிலிருந்து விலகி, வெளிநாடுகளைக் காணப் புறப்பட்டார்.

அவ்வாண்டு செப்டெம்பர் 28 இல் மூசி நதி பெருக்கெடுத்து ஐதராபாத் நகரை அழித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நிஜாம் அரசு, பதவியேதுமின்றி நின்ற இவரையே ஆலோசக எஞ்சினியராக அழைத்தது. 1909 இல் அங்கு சென்ற இவர், கேட்டவுடன் விடை கூறிவிடவில்லை. மழைக் கணக்குகளைத் திரட்டினார். நதியின் மேற்புறத்துக் குளங்கள் பல உடைந்தமை வெள்ளத்தைப் பெருக்கியதை ஆராய்ந்தார். பின்னரே நகருக்கு மேலே இரு நீர்த்தேக்கங்கள் அமைக்கும்படி கூறினார். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் அவ்வாறு எழுந்தவையே.

அவ்வாண்டே மைசூர் அரசு இவரைப் பிரதம எஞ்சினியராக்கிற்று. 1912 முதல் 1918 வரை அங்கு திவானாகவும் இருந்தார். அப்பதவியையும் துறந்தபின், பல அரசுகளும் நிறுவனங்களும் இவரிடம் ஆலோசனை நாடின. 90 வயதைக் கடந்த பின்னரும் கங்கைமேற் பாலம் அமைக்கத்தக்க இடத்தை ஆராய்ந்து கூறினார். 1955 இல் பாரத ரத்னா விருது பெற்ற இப்பெரியார், நூறாண்டு வாழ்ந்து 1962 இல் மறைந்தார்.

இதனால் நாம் அறிவதென்ன? ஆலோசனை கூறுவோனுக்குக் கடையுமில்லை, சரக்குமில்லை. பிறர் அவன்பால் வைக்கும் நம்பிக்கையே அவன் முதல். அம்முதலை இவர் 24 ஆண்டு உழைப்பால் ஈட்டினார். அதன் பின்னரே தனித்து நின்றார். இளைஞராகிய நாம் அவர் துணிவை மட்டுமன்றி, அதற்கு முந்திய பொறுமையையும் கைக்கொள்ளல் வேண்டும். பெரியோர்களே, நன்கு தொழில் பயின்ற மகன் ஒருவன் உத்தியோகத்தை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க விழைந்தால், அவனைப் பித்தனென்று கடியாதீர்கள்.

எம் தொண்டைமானாற்றில் உவர்நீரை மறித்து நிற்கும் கதவுகளை நாம் நாடோறும் காண்கின்றோம். காணுந்தோறும் அவரை நினைவோமாக.