காலின் சாப்மன்: ஒரு சிவில் இன்ஜினியரின் கார் கதை

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, விடுதி நினைவுகளையும் கான்டீன் கதைகளையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள், நான் ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாகன சஸ்பென்ஷனோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. இந்தத் தொழிலில் இருப்பவர்களிடம் பத்து நிமிடம் பேசினால் காலின் சாப்மன் பெயர் எப்படியும் வந்துவிடும். லோட்டஸ் கார்களை உருவாக்கியவர். இத்தனைக்கும் அவர் மெக்கானிக்கல் படித்தவரே அல்ல. சிவில் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.

அந்தோணி காலின் புரூஸ் சாப்மன் 1928 மே 19 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். அப்பா வட லண்டனில் ஹார்ன்சி பகுதியில் ரயில்வே ஹோட்டல் என்ற விடுதியை நடத்தி வந்தார். பையன் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் சேர்ந்தார். படிக்கும்போதே பல்கலைக்கழக விமானப் பிரிவில் விமானம் ஓட்டக் கற்றார். கூடவே ஒரு நண்பரோடு பழைய கார் வாங்கி விற்கும் வியாபாரம் வேறு. 1947 கடைசியில் சொந்தக் கார்களுக்கான அடிப்படை பெட்ரோல் ரேஷனை அரசு நிறுத்தியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. விற்காமல் மிஞ்சியது ஒரு பழைய ஆஸ்டின் செவன். 1948ல் பட்டம் இல்லாமலே கல்லூரியை விட்டு வெளியே வந்தார். கடைசிக் கணக்குப் பேப்பர் போய்விட்டது. நம்ம பாஷையில் அரியர்! 1949ல் மறுபடி எழுதித்தான் பட்டம் வாங்கினார். (அரியர் வைத்திருக்கும் தம்பிகள் இந்தப் பக்கத்தை வீட்டில் காட்டலாம். மறுபடி எழுதினார் என்ற வரியை மட்டும் விரலால் மறைத்துவிடக் கூடாது.)

மிஞ்சிய அந்த ஆஸ்டினைத்தான், காதலி ஹேஸல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வைத்துப் பிரித்து, மாற்றிக் கட்டி முதல் லோட்டஸ் ஆக்கினார். கொஞ்ச நாள் விமானப்படை, பிறகு பிரிட்டிஷ் அலுமினியம் கம்பெனியில் வேலை. கட்டடங்களுக்கு அலுமினியத்தை உபயோகியுங்கள் என்று சொல்லி விற்கிற வேலை. 1952 ஜனவரி 1 அன்று ஹேஸலிடம் வாங்கிய 25 பவுண்டு கடனில், அப்பாவின் விடுதிக்குப் பின்னால் இருந்த குதிரை லாயத்தில் லோட்டஸ் இன்ஜினியரிங் பிறந்தது. 1954ல் ஹேஸலையே மணந்துகொண்டார். கடன் குடும்பக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அந்த லாயத்திலிருந்து வந்த மார்க் சிக்ஸ் காரைப் பார்த்தால் செய்தவர் யார் என்பது தெரிந்துவிடும். மெலிந்த குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டு செய்த சட்டம். கூரை டிரஸ் வரைந்து மார்க் வாங்கியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஒவ்வொரு குழாயும் இழுவையையோ அழுத்தத்தையோ மட்டும் தாங்கினால் போதும், வளைவைத் தாங்க வேண்டியதில்லை. ஆகவே எடை குறைவு, விறைப்பு அதிகம். முன்பக்கம், ஃபோர்டு காரின் நீளமான ஒற்றை ஆக்ஸிலை நடுவில் இரண்டாக அறுத்து, அறுத்த முனைகளைக் கீல் போட்டு ஊசலாட விட்டார். இப்போது இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலது சக்கரத்துக்கு அது தெரியாது. மலிவான, சாமர்த்தியமான வழி. ஆனால் இதில் ஒரு தொல்லை உண்டு. சக்கரம் மேலே ஏறும்போது அதன் தலை உள்பக்கம் சாய்கிறது, கீழே இறங்கும்போது வெளிப்பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வைத்தான் கேம்பர் என்கிறோம். சாய்ந்தால் டயரின் முழு அகலமும் ரோட்டில் படியாது. பிடிப்பு போய்விடும்.

அடுத்த பத்து வருஷம் சாப்மன் செய்ததெல்லாம், பிழிந்து பார்த்தால், இந்த ஒரு தொல்லைக்குப் பதில் தேடியதுதான். அவர் கண்டுகொண்டது அப்போதைய பந்தயக்காரர்களின் நம்பிக்கைக்கு நேர் எதிரானது. பந்தயக் கார் என்றால் ஸ்ப்ரிங் கல்லு மாதிரி இருக்க வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். சட்டம் வளைந்து கொடுத்தது. அதனால் சட்டமே ஒரு ஸ்ப்ரிங்காக வேலை செய்தது. சாப்மன் இதைத் தலைகீழாக்கினார். சட்டம் கல்லு மாதிரி இருக்கட்டும். ஸ்ப்ரிங் மெத்தென்று இருக்கட்டும், சக்கரம் தாராளமாக ஏறி இறங்கட்டும், ஷாக் அப்சார்பர் அதை அடக்கட்டும். சக்கரம் எந்தக் கோணத்தில் ஏறி இறங்குகிறது என்பதை மட்டும் கைகளின் நீளத்தை வைத்து நாம் தீர்மானிப்போம். யோசித்துப் பாருங்கள், சட்டமே முறுக்கிக்கொண்டால் நீங்கள் பட்டறையில் நிறுத்தி வைத்து கால் டிகிரி, அரை டிகிரி என்று அலைன்மென்ட் பார்த்து என்ன பயன்? முதல் வளைவிலேயே அத்தனை கோணமும் மாறிவிடும்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது, ஒரே பாகத்திடம் இரண்டு வேலை வாங்குவது. லோட்டஸ் 12 காரிலும் செவனிலும் முன்சக்கரத்தின் மேல் விஷ்போனுக்கு இரண்டு கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கும். கார் சாயாமல் தடுக்கும் ஆன்ட்டி-ரோல் பார்தான் இன்னொரு கால். பின்பக்கத்தில், அமெரிக்கரான ஏர்ல் மக்பெர்சன் கண்டுபிடித்த ஸ்ட்ரட்டை எடுத்து, சக்கரத்துக்குச் சக்தி கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்டையே சக்கரத்தைக் குறுக்காகப் பிடிக்கும் கையாகவும் ஆக்கினார். இதற்கு சாப்மன் ஸ்ட்ரட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1957ல் காட்சிக்கு வந்த எலீட் காரில் இது இருந்தது. 1956ல் வான்வால் பந்தயக் காருக்குச் சட்டமும் சஸ்பென்ஷனும் வடிவமைத்துக் கொடுத்தார். 1958ல் முதன்முதலாக வழங்கப்பட்ட கிராண்ட் ப்ரீ தயாரிப்பாளர் பட்டம் வான்வாலுக்குப் போனது.

1962ல் வந்த எலான், என் மனசுக்கு அவருடைய நல்ல கார். எடை 700 கிலோவுக்கும் கீழே. முதுகெலும்பு மாதிரி நடுவில் ஒரு எஃகுப் பெட்டிச் சட்டம், அதன் மேல் ஃபைபர் கிளாஸ் உடம்பு. தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கும், ஆனால் மெத்தென்று ஓடும். இங்கேதான் நம் தம்பிகள் கவனிக்க வேண்டும். ஸ்ப்ரிங்கில் ஒரு சுற்று அறுத்துவிட்டு கார் ஸ்போர்ட்ஸ் கார் ஆகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களை எங்கும் பார்க்கிறேன். எலான் தாழ்வாக இருப்பது ஸ்ப்ரிங்கை அறுத்ததால் அல்ல, அந்த உயரத்துக்கென்றே கைகளும் கீல்களும் வரையப்பட்டதால். சாதாரண ஸ்ட்ரட் காரை 50 மில்லிமீட்டர் இறக்கினால் என்ன ஆகும்? கீழ்க்கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். எந்தப் புள்ளியைச் சுற்றி உடம்பு சாய்கிறதோ அந்தப் புள்ளி, காரின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடையிலுள்ள நெம்புகோல் நீளுவதால், இறக்கிய காரும் வளைவில் எதிர்பார்த்த அளவு நிமிர்ந்து நிற்காது. கேம்பர் மாறும். டை ராடும் கீழ்க்கையும் ஆளுக்கொரு வட்டத்தில் நகர ஆரம்பிக்கும். ஆகவே குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். மெக்கானிக் வந்து பார்த்து டயர் உள்பக்கம் தின்னுது என்பார். முதலில் உயரம், ஓட்டுபவரின் எடையை சீட்டில் ஏற்றி வைத்து, பிறகு கேஸ்டர், கேம்பர், டோ கடைசியில். கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால்தான் இந்த வரிசை. ஆனால் கீல் இருக்கும் இடமே தப்பாகிவிட்ட பிறகு, எந்த அலைன்மென்ட் மெஷினும் நின்ற நிலையில்தான் காரைச் சரிசெய்ய முடியும்.

சாப்மனிடம் திரும்புவோம். 1962லேயே லோட்டஸ் 25 வந்தது. குழாய்ச் சட்டத்தைத் தூக்கிவிட்டு அலுமினியத் தகட்டுத் தொட்டி. முந்தைய சட்டத்தைவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பு, எடையோ பாதி. ஓட்டுபவர் அதில் ஏறக்குறைய மல்லாந்து படுத்துக்கொண்டு ஓட்டினார். ஜிம் கிளார்க் 1963ல் உலக சாம்பியன், 1965ல் மறுபடியும். அதே 1965ல் இண்டியானாபொலிஸ் 500 வெற்றி. 1968 ஏப்ரல் 7 அன்று ஹாக்கன்ஹைமில் ஒரு லோட்டஸ் காரிலேயே கிளார்க் இறந்தார். டயரில் காற்று இறங்கியதுதான் காரணம் என்பது பெரும்பாலோர் முடிவு. ஆனால் எல்லா விபத்துக்கும் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. 1960ல் பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுபாதையில் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸ் 18ன் பின்சக்கர ஹப் முறிந்தது, அவர் கால்களும் முறிந்தன. அதே நாள் மைக் டெய்லர் ஓட்டிய லோட்டஸில் ஸ்டியரிங் தண்டு முறிந்தது. அதோடு அவர் பந்தய வாழ்க்கை முடிந்தது.

1969ல் பார்சிலோனாவில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவர் கார்களிலும் இறக்கைகள் உடைந்தன. அதற்குப் பிறகு ரிண்ட் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். சில பவுண்டு எடை கூடினாலும் பரவாயில்லை, பலவீனமான பாகங்களைப் பலப்படுத்துங்கள் என்பது அதன் சாரம். ரிண்ட் அணியிலேயே இருந்தார். 1970ல் லோட்டஸ் 72 வந்தது. பிரேக் பிடித்தால் மூக்கு குனியாமலும், ஆக்ஸிலேட்டர் மிதித்தால் பின்பக்கம் குந்தாமலும் இருக்கும்படி சஸ்பென்ஷன் கோணங்களை அமைத்திருந்தார்கள். கணக்கில் அழகு, கையில் வரவில்லை. ஸ்டியரிங்கில் உணர்வே செத்துப்போயிற்று. அந்த அமைப்பை எடுத்துப்போட்ட பிறகு ரிண்ட் வரிசையாக நான்கு பந்தயங்களை ஜெயித்தார். அதே காரில் முன் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் உடம்புக்குள் இருந்தன. சக்கரம் லேசாக இருந்தால் ரோட்டின் மேடுபள்ளத்தைச் சுலபமாகப் பின்தொடரும் என்பது சாப்மனின் நியாயம். தப்பே சொல்ல முடியாத நியாயம். பிரேக்கையும் சக்கரத்தையும் இணைக்க நடுவில் ஒரு மெல்லிய ஷாஃப்ட். செப்டம்பர் 5 அன்று மான்சாவில் பயிற்சியின்போது அந்த ஷாஃப்ட் முறிந்தது. கார் தடுப்பில் மோதியது; தடுப்பு சரியாகப் பொருத்தப்படாததும் சேர்ந்துகொள்ள, ரிண்ட் இறந்தார். அந்த வருஷ உலக சாம்பியன் பட்டம் இறந்தவருக்கே கிடைத்தது. லோட்டஸ் 72 பற்றிப் படம் போட்டு விளக்கும்போதெல்லாம் எல்லோரும் அந்தக் கத்தி போன்ற மூக்கைத்தான் காட்டுவார்கள். எனக்கு அந்த ஷாஃப்டைத்தான் முதலில் காட்டத் தோன்றும்.

அடுத்து வந்ததுதான் விசித்திரம். 1977, 78ல் காருக்கு அடியில் ஓடும் காற்றையே உபயோகித்து, காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கிற வித்தையை லோட்டஸ் கொண்டுவந்தது. 1978ல் மரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன். அதே பருவத்தில் மான்சா விபத்தில் காயமடைந்த ரானி பீட்டர்சன் மறுநாள் இறந்தார். இந்த உறிஞ்சும் விசை, தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்து மாறும். இடைவெளி மாறக் கூடாது என்றால் ஸ்ப்ரிங் கல்லு மாதிரி இருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மெத்தென்ற ஸ்ப்ரிங்குக்கு வாதாடியவர், தன் கண்டுபிடிப்பாலேயே கல் ஸ்ப்ரிங்குக்குத் தள்ளப்பட்டார். 1979ன் லோட்டஸ் 80 வேகத்தில் டால்ஃபின் மாதிரி எழும்பி எழும்பி விழுந்தது, கைவிட்டார்கள். 1981ல் லோட்டஸ் 88 செய்தார், ஒரே காரில் இரண்டு சேஸிஸ். வெளிச் சட்டம் காற்றின் விசையை நேராகச் சக்கரங்களுக்குக் கொடுக்கும். உள்ளே ஓட்டுபவர் இருக்கும் சட்டத்துக்குத் தனியாக மெத்தென்ற ஸ்ப்ரிங். மற்ற அணிகள் எதிர்த்தன, தடை செய்துவிட்டார்கள். ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான்.

கடைசி வருஷங்கள் நல்லதாக இல்லை. ஜான் டெலோரியனின் காரை உற்பத்திக்குத் தயார் செய்யும் வேலை லோட்டஸுக்கு வந்தது. (அமெரிக்க விதிகளுக்காக அதன் முன்பக்கத்தை வரைந்த உயரத்தைவிடத் தூக்கிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் பலர் பிறகு ஸ்ப்ரிங் மாற்றி இறக்கிக்கொண்டார்கள். இறக்கினால்தான் சரியாகும் என்ற அபூர்வமான கார்!) பிரிட்டிஷ் அரசின் பணம் போட்ட அந்தக் கம்பெனியிலிருந்து, லோட்டஸ் வேலைக்கென்று போன 1 கோடியே 70 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட தொகை ஜெனீவா வழியாக வேறு திசையில் போயிற்று. 1982 டிசம்பர் 16 அன்று சாப்மன் மாரடைப்பில் இறந்தார், வயது 54. லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் ஃப்ரெட் புஷெல் 1992ல் சிறைக்குப் போனார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் குறைந்தது பத்து வருஷம் கிடைத்திருக்கும் என்று நீதிபதி குறிப்பிட்டார்.

இறக்கும்போது அவர் பட்டறையில் ஒரு வேலை பாக்கி இருந்தது. கம்ப்யூட்டர் கட்டளையிட ஹைட்ராலிக் சிலிண்டர்களே சக்கரங்களை ஏற்றி இறக்கும் ஆக்டிவ் சஸ்பென்ஷன். உயரமும் மாறக் கூடாது, சக்கரமும் மெத்தென்று போக வேண்டும் என்ற பழைய வழக்குக்கு அது பதில். 1983 தொடக்கத்தில் லோட்டஸ் 92 அதோடு பந்தயத்துக்கு வந்தது. 1987ல் மொனாக்கோவில் அயர்டன் சென்னா, ஆக்டிவ் சஸ்பென்ஷன் வைத்த லோட்டஸ் 99டி காரில் ஜெயித்தார். அந்த வகை சஸ்பென்ஷனுக்கு ஃபார்முலா ஒன்னில் அதுதான் முதல் வெற்றி.