தஞ்சாவூரில் விழுந்த தியோடலைட்

ஏரலுக்கு பஸ்ல வந்தீங்கன்னா ஜன்னல் வழியா பாருங்க. ஆத்துப் பக்கம் வாழை, மிச்ச இடமெல்லாம் பனை. பேருக்குக்கூட ஒரு மலை கிடையாது. இப்படித் தட்டையான நாட்டுல, பல மைல் தள்ளி நட்டிருக்குற ஒரு கொடியைப் பார்க்கணும்னா எங்க ஏறி நிப்பீங்க? கோயில் கோபுரம்தானே? 1808-ல் தஞ்சாவூர்ல வில்லியம் லாம்டனுக்கும் அதுதான் தோணுச்சு.

லாம்டன் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்கப் போருக்குப் போய், 1781-ல் யார்க்டவுனில் கைதியானார். பிறகு ஒரு சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து ஒரு கண்ணைக் கெடுத்துக்கிட்டார். மிச்சக் கண்ணை வச்சுத்தான் இந்தியாவை அளக்க வந்தார்னு நினைச்சுப் பாருங்க!

1802 ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோடு. நூறு அடிச் சங்கிலியால் அதை அளந்து முடிக்க 57 நாள் ஆச்சு. அதுக்கப்புறம் சங்கிலிக்கு அதிகம் வேலையில்லை. ஒரு பக்கமும் ரெண்டு கோணமும் தெரிஞ்சா முக்கோணத்தோட மத்த பக்கங்கள் சைன் விதியில் வந்துடும், பிளஸ் ஒன்ல படிச்சோமே, அதேதான். ஆனா முப்பது மைல் தூரத்துக்கு ஒரே ஒரு விநாடிக் கோணம் தப்பினாலும் முனையில் இருபது சென்டிமீட்டருக்கு மேல் விலகிடும். அதனாலதான் லண்டனில் வில்லியம் கேரி செய்த அந்த தியோடலைட் அவ்வளவு பெருசு: அரை டன் எடை, மூணு அடி விட்டமுள்ள வட்டம். அது வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு மொரீஷியஸ் கொண்டுபோயிட்டாங்க. அறிவியல் கருவின்னு தெரிஞ்சதும் அவங்களே சென்னைக்கு அனுப்பி வச்சாங்க. பெருந்தன்மைதான்.

அப்படித் தப்பி வந்த கருவியைத் தஞ்சாவூர்க் கோபுரத்துக்குக் கயிறு கட்டி ஏத்தும்போது, கயிறு அறுந்து சுவரில் மோதிடுச்சு. வட்டம் வளைஞ்சுபோச்சு.

இங்க ஒரு விஷயம் சொல்லிடுறேன். மூணாவது செமஸ்டர் சர்வே லேப்ல நாங்க நாலு பேர் ஒரு தியோடலைட்டை ஸ்டாண்டோட சாய்ச்சுட்டோம். எங்ககிட்ட வரும்போதே அது அப்படித்தான் இருந்துச்சுன்னு சாதிச்சுட்டோம். எங்களுக்கு அடுத்து அதை எடுத்த பேட்ச் அளவு சேராம மூணு மணி நேரம் அல்லாடுனாங்க.

லாம்டன் யார் மேலயும் பழி போடலை. புதுக் கருவிக்குத் தன் செலவிலேயே சொல்லி அனுப்பினார். அது வரும்வரை கையைக் கட்டிட்டும் இருக்கலை. கூடாரத்தை மூடிக்கிட்டு, கைவினைஞர்களைத் தவிர யாரையும் உள்ளே விடாம உட்கார்ந்தார். பெரிய பலகையில் சரியான அளவுக்கு வட்டம் வரைஞ்சார். ஆப்பு, திருகு, கப்பி வச்சு, வளைஞ்ச உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அந்த வட்டத்துக்கு இழுத்தார். ஆறு வாரம்! அதுக்கப்புறம் அதே கருவியோடதான் நம்ம திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார்.

1823 ஜனவரி 20-ல் மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறந்தார், வேலை பாதியில் நிற்கும்போதே. அதை இமயமலை வரைக்கும் கொண்டுபோன எவரெஸ்ட் பேரில் ஒரு சிகரம் இருக்கு. லாம்டனுக்கு ஹிங்கன்காட்டில் ஒரு கல்லறை இருக்கு.

தியோடலைட் டேராடூனில், சர்வே ஆஃப் இந்தியா அருங்காட்சியகத்தில் இருக்கு. அந்தப் பக்கம் போனீங்கன்னா வட்டத்தோட விளிம்பைக் கொஞ்சம் உத்துப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க.