மானிப்பாய் கிறீன் வைத்தியர்



ஒக்டோபர் மாதத்தில் மறைபரப்பு ஞாயிறன்று எங்கள் ஆலயங்களில் காணிக்கை எடுக்கப்படும்போது நீங்கள் ஒவ்வொருவரும் இயன்றதைப் போடுகிறீர்கள். அந்தப் பணம் ஆபிரிக்காவிலே வறிய நாடொன்றில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரையாகலாம், ஒரு தாய்க்குத் தையல் இயந்திரமாகலாம். சொந்த ஊரையும் சம்பளத்தையும் விட்டு அங்கே போய்ப் படிப்பிப்பவர்கள், தொழில் பழக்குபவர்கள், நோயாளரைப் பார்ப்பவர்கள் ஆகியோரைப் பற்றி வாசித்து வியக்கிறோம். ஆனால் எங்கோ கடலுக்கு அப்பால் காணிக்கை எடுத்து இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆள் அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது. அப்போது ஏழைத் தேசம் நாங்கள். இங்கே வந்தவர்களில் ஒருவரின் கதையை இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அவர் சமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாய் மக்களுக்குப் பழகிய பெயர். மற்ற ஊரவர்களும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குரியவர் யார், என்ன செய்தார் என்று கேட்டால் பலருக்கு விடை தெரியாது.

வயது முதிர்ந்த வாசகர் ஒருவர் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்தக்கூடும். அவர் அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்தவர் அல்லவா, எங்கள் திருச்சபைக்காரர் இல்லையே என்று. உண்மைதான். அந்தக் காலத்தில் இரு சாராரும் ஒருவரை ஒருவர் நல்ல கண்ணால் பார்த்தவர்கள் அல்லர். துண்டுப் பிரசுரங்களால் அடிபட்டுக்கொண்ட காலம் அது. ஆனால் 1964ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்புப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பிறகும் அந்தப் பழைய கணக்கைக் கிண்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

கிறீன் 1822 ஒக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் பிறந்தார். பதினொரு பிள்ளைகள் கொண்ட பெரிய குடும்பம். அவருடைய தமையன் அன்ட்ரூ கிறீன் பின்னாளில் நியூயோர்க் மாநகரின் நடுப் பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவராகி, அந்நகரம் இன்றைய பேருருவம் எடுக்கவும் காரணராக இருந்தார். தம்பியும் அதே நியூயோர்க்கில்தான் மருத்துவம் படித்து 1845இல் பட்டம் பெற்றார். அங்கேயே ஒரு வாசலில் பெயர்ப்பலகை தொங்கவிட்டிருந்தால் வசதியாக வாழ்ந்திருப்பார். அவரோ 1847 ஏப்பிரல் மாதம் பொஸ்ரன் துறைமுகத்தில் கப்பலேறி, ஒக்டோபர் மாதம் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வயது இருபத்தைந்து. எங்கள் அமலமரித் தியாகிகள் சபையின் முதற் குருக்கள் செமேரியா அடிகளாரின் தலைமையில் காலித் துறையில் இறங்கியதும் அதே ஆண்டு நவம்பரில்தான்.

அமெரிக்கன் மிஷன் இங்கே வந்தது 1816இல். கிறீனுக்கு முன்பே ஸ்கடர், வார்ட் என்ற இரு வைத்தியர்கள் பணி செய்திருந்தார்கள். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அங்கே ஒரு மருந்துச்சாலையும், அதனோடு ஒரு வைத்திய வகுப்பும் தொடங்கினார். முதலில் சேர்ந்த மாணவர் மூன்றே பேர். கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 1870இல் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். இருபத்திரண்டு ஆண்டுகள் முந்தியே மானிப்பாயில் ஊர்ப் பிள்ளைகள் மேல்நாட்டு மருத்துவம் கற்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்நாளில் குடாநாட்டின் நிலை எப்படி இருந்தது? பேதி வந்தால் ஒழுங்கை ஒழுங்கையாகப் பிணம் எடுத்தார்கள். அம்மை நோய் வந்த வீட்டுக்கு வேப்பிலைதான் காவல். எங்கள் பரியாரிமாரிடம் நல்ல கைமருந்துகளும் நாடி பார்க்கும் திறனும் இருந்தன. அதை நாம் குறைத்துப் பேசலாகாது. ஆனால் வயிற்றிலே பிள்ளை குறுக்கே கிடந்தாலும், முறிந்த கால் அழுகினாலும், கண்ணில் திரை விழுந்தாலும் பெரும்பாலும் தலையெழுத்து என்று இருந்துவிடுவதே வழக்கம். ஒரு வைத்தியர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? தம்மைப் போலப் பலரை இங்கேயே உருவாக்கினால் ஒழிய வழியில்லை என்று கிறீன் கண்டுகொண்டார்.

முதற் பத்தாண்டுகளும் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. மாணவர்கள் கெட்டிக்காரர்கள். தேறினார்கள். தேறியபின் என்ன நடந்தது என்பதை நான் சொல்லவும் வேண்டுமா? யாழ்ப்பாணத்துப் பெற்றோரான உங்களுக்கு அது புதிய கதை அல்ல. ஆங்கிலமும் மருத்துவமும் தெரிந்த பிள்ளைக்கு அரசாங்கம் நல்ல சம்பளத்தோடு உத்தியோகம் கொடுத்தது. பிள்ளை குடாநாட்டைத் தாண்டிப் போனான். வீட்டுக்குப் பணம் வந்தது. சீதனமும் கூடி வந்தது. ஆனால் பண்டத்தரிப்பிலும் சாவகச்சேரியிலும் நோயாளி பழையபடி பாயிலேயே கிடந்தான்.

இங்கேதான் கிறீனின் தனித்தன்மை தெரிகிறது. ஊருக்கு வைத்தியன் வேண்டுமானால் அவன் ஊர் மொழியில் படித்தவனாக இருக்க வேண்டும். ஊராரோடு இருந்து, ஊரார் கொடுப்பதைக் கொண்டு பிழைக்கக்கூடியவனாக இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1857இல் ஓய்வுக்காக அமெரிக்கா போய், 1862இல் மணம் முடித்து, மனைவி மார்கிரெட்டுடன் அதே ஆண்டு திரும்பி வந்தார். 1864இல் மானிப்பாய் வைத்திய வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார்.

சொல்வதற்கு ஒரு வசனம்தான். செய்வதற்கோ? உடற்கூற்றைத் தமிழில் கற்பிக்க வேண்டுமானால் முதலில் புத்தகம் வேண்டும். புத்தகம் எழுதச் சொற்கள் வேண்டும். இவ்வரிகளை எழுதுபவன் குருமடத்தில் மெய்யியலை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, அதில் ஒரு கருத்தை ஞாயிறு மறையுரையில் தமிழில் சொல்லப் போய்த் திணறியவன். ஒரு சொல்லுக்கே அந்தப் பாடு! கிறீனுக்கு முன் கிடந்தவையோ எலும்புகள், நரம்புகள், நாளங்கள், நோய்கள், மருந்துகள் என ஆயிரக்கணக்கான சொற்கள்.

அவர் ஒரு முறையை வகுத்துக்கொண்டார். தமிழில் வழங்கும் சொல் இருந்தால் அதையே எடுப்பது. இல்லையானால் சமஸ்கிருதத்தில் தேடுவது. அங்கும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில், தமிழ் நாக்குக்கு இசைய எழுதிக்கொள்வது. நூல்களின் பெயர்களே இதற்குச் சாட்சி. அறுவைச் சிகிச்சை நூலுக்கு இரண வைத்தியம் என்று பெயர், 1867இல் வந்தது. கிறே என்பவரின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் ஆயிற்று. பாதாதிகேசம் பாடிய புலவர்களின் நாட்டிலே அங்காதிபாதம் என்ற பெயர் எவ்வளவு இயல்பாக அமைந்தது பாருங்கள். அதே ஆண்டில் வைத்தியாகரம். 1875இல் வந்த இரசாயன நூலுக்கோ கெமிஸ்தம் என்று பெயர். சிலர் இன்று அதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதை இல்லாத காட்டில் நடந்தவன் கையில் கிடைத்த கோலை ஊன்றினான். பிரசவ வைத்தியத்துக்கு ஒரு நூல், உடலின் இயக்கத்தைச் சொல்லும் மனுஷ சுகரணம், எங்கள் கடைச்சரக்குகளின் மருத்துவக் குணம் கூறும் இந்து பதார்த்தசாரம் என்று பணி வளர்ந்தது. மொத்தம் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள். இவை தவிர, பொதுமக்கள் வாசிப்பதற்காகச் சுகாதாரம் பற்றிச் சிறு பிரசுரங்களும் எழுதினார்.

இதையெல்லாம் அவர் ஒருவராகச் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். சப்மன், டான்போர்த், போல், சுவாமிநாதன் முதலியோர் மொழிபெயர்த்தார்கள். கிறீன் வரி வரியாகப் பார்த்துத் திருத்தினார். சப்மன், டான்போர்த் என்ற பெயர்களைக் கண்டு வெள்ளைக்காரர் என்று எண்ண வேண்டாம். அவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அமெரிக்காவில் படிப்புச் செலவு கொடுத்த உபகாரியின் பெயரை மாணவனுக்கு இட்டுவிடுவது மிஷன் பள்ளிகளில் அக்கால வழக்கம். காசு கொடுத்தவன் பெயர் நிற்க, தாய் தகப்பன் வைத்த பெயர் மறைந்து போயிற்று. தொண்டு செய்கிறவர்களும் காணிக்கை போடுகிற நாங்களும் கவனிக்க வேண்டிய இடம் இது.

கிறீன் இதில் தம் தோழர்களிலிருந்து வேறுபட்டார். கிறிஸ்தவனாகிறவன் ஐரோப்பியனாக வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. ஆங்கில வகுப்பில் படித்தவர்கள் கால்சட்டையும் சப்பாத்தும் மாட்டிக்கொண்டு திரிந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. தமிழ் வகுப்பில் சேர்கிறவர்கள் தமிழர் உடையிலேயே இருக்க வேண்டும் என்றார். உடை மாறினால் நோயாளி வைத்தியனைக் கண்டு ஒதுங்குவான் என்பதை அறிந்திருந்தார்.

ஊரார் இதை வரவேற்றார்களா? எல்லோரும் அல்லர். மிஷன் 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரியை மூடியபோதே, ஆங்கிலக் கல்வியை எங்கள் பிள்ளைகளிடமிருந்து பறிக்கிறார்கள் என்ற மனக்குறை எழுந்திருந்தது. தமிழில் வைத்தியம் படித்தவனுக்கு அரச உத்தியோகத்தின் கதவு எளிதில் திறக்காது. சம்பளமும் குறைவு. நாலு பெண்பிள்ளைகளை வைத்திருந்த தகப்பன் எந்த வகுப்பை விரும்பியிருப்பான்? அந்தத் தகப்பனை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவனுக்கு வேண்டியதும் ஊருக்கு வேண்டியதும் ஒன்றாக இருக்கவில்லை என்பதை மறைக்கவும் முடியாது. கிறீன் ஊரின் பக்கம் நின்றார்.

1866இல் பேதி குடாநாட்டை வாரிக்கொண்டு போனது. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்நோயின் கிருமியை கொக் என்ற ஜேர்மானிய அறிஞர் கல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிசெய்து அறிவித்தது 1884இல். அதாவது கிறீன் இறந்த ஆண்டில். எதிரி யார் என்றே தெரியாத போராட்டம். ஆனாலும் அப்போது குடாநாட்டின் ஊர்களில், நோயாளியின் மொழியிலேயே கேட்டு மருந்து கொடுக்கக்கூடிய சில வைத்தியர்களாவது இருந்தார்கள் என்றால் அதற்கு மானிப்பாய் வகுப்பே காரணம். கிறீன் பயிற்றிய வைத்தியர் மொத்தம் 62 பேர். அவர்களில் 33 பேர் தமிழிலேயே கற்றுத் தேறியவர்கள்.

மருந்தோடு மதமும் போதித்தார். அதை அவர் ஒளிக்கவில்லை. மருந்துச்சாலைக்கு வந்தவர்களுக்கு முதலில் நற்செய்தி சொல்லப்பட்டது. வந்தவர்களில் பெரும்பாலோர் சைவர்கள். சைவர்களாகவே வீடு திரும்பினார்கள். மருந்து அதற்காக மறுக்கப்படவில்லை. இன்னொரு விந்தை: கிறீன் பிறந்த அதே 1822இல்தான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். கிறீன் மானிப்பாயில் வகுப்புத் தொடங்கிய அதே 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார். மதத்தில் எதிர்எதிர்த் திசை. தமிழ் உரைநடையை அச்சேற்றிப் படிப்பவன் கையில் கொடுப்பதில் இருவருக்கும் ஒரே வேகம்.

1873இல் உடல் நலம் குன்றிக் கிறீன் மனைவி பிள்ளைகளோடு அமெரிக்கா திரும்பினார். அதே ஆண்டு மே மாதம் ஆபிரிக்கக் காட்டில் லிவிங்ஸ்ரன் இறந்தார். அதே மே மாதத்தில் தமியான் அடிகளார் மொலோக்காய்த் தீவின் தொழுநோயாளரிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் பெயரை உலகம் அறியும். கிறீனோ வூஸ்ரரில் தகப்பன் வீட்டில் உட்கார்ந்து தமிழ்க் கையெழுத்துத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து தாள்கள் கப்பலில் போகும். திருத்தம் பெற்று மீண்டும் கப்பலில் வரும். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது அப்படித்தான். அடுத்த ஆண்டு மே 28ஆம் நாள் அவர் கண்களை மூடினார். வயது அறுபத்தொன்று.

தமிழ் வைத்திய வகுப்பு அவருக்குப் பின் நிலைக்கவில்லை. வைத்தியசாலை நிலைத்தது, 1893இல் வந்த ஸ்கொட் தம்பதிகள் போன்றோர் அதை வளர்த்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் மருத்துவ பீடம் திறக்கப்பட்டது. அங்கே படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. அது தவறென்று நான் சொல்லவில்லை. உலகத்து மருத்துவ அறிவோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாதே. ஆனாலும் தமிழில் மருத்துவம் படிப்பிக்கவே முடியாது என்று யாராவது உங்கள் முன்னால் அடித்துச் சொன்னால், மனுஷ அங்காதிபாதம் என்ற நூலைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

தம் கல்லறைக் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று கிறீன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். ஊர்ப் பெருமையோ பட்டங்களோ அல்ல. தமிழர்களுக்கு மருத்துவ ஊழியனாகச் சென்றவர் என்பதும், இயேசுவே தமக்கு எல்லாம் என்பதும் மட்டும் இருந்தால் போதும் என்றார். அப்படியே பொறித்து வைத்திருக்கிறார்கள்.