காவலர் மேயரானார்
அடிமைகளின் பேரரான டாம் பிராட்லி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குத்தகை உழவர் குடும்பத்தில் 1917இல் பிறந்தார். 1940இல் அவர் சேர்ந்த லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறையில், கறுப்பினக் காவலரும் வெள்ளையரும் ஒரே வண்டியில் சுற்றுக்காவல் செல்வதில்லை. லெப்டினன்ட் ஆனபின் அதை மாற்ற முயன்றும் பயனில்லை. சட்டம் பயின்று பணியிலிருந்து விலகினார். 1969 மேயர் தேர்தலில், வெள்ளையரின் அச்சத்தைத் தூண்டிய சாம் யார்ட்டியிடம் தோற்றார். 1973இல் அவரையே வென்றார். கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்கினும் குறைந்த நகரில் அஃது எளிய வெற்றியன்று. 20 ஆண்டுகள் மேயராக விளங்கினார். 1984 ஒலிம்பிக் போட்டி நகருக்குக் கடன் வைக்காமல் 20 கோடி டாலருக்கு மேல் உபரி ஈட்டியது. ஆயினும், காவல்துறைத் தலைவரைப் பதவிநீக்கும் அதிகாரம் அப்போது மேயருக்கு இருக்கவில்லை. கறுப்பினத்தவர் ஒருவரைத் தாக்கிய காவலர்கள் 1992இல் தண்டனையின்றி வெளிவர, நகரம் பற்றியெரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டுத் தேர்தலில் பிராட்லி போட்டியிடவில்லை.