இம்பாலாவில் வைக்கோல் ஏற்றிய எம்.ஆர்.ராதா: யார் இந்த நடிகவேள்?

செவர்லே இம்பாலா. பெயரைக் கேட்டாலே ஒரு கெத்து. 1958-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. 1961-ல் இதன் 'எஸ்எஸ்' மாடலுக்கு 409 கன அங்குலம், அதாவது 6.7 லிட்டர் 'பிக் பிளாக்' இன்ஜினும் வந்தது. நம்ம ஊர் அம்பாசடருக்கு அப்போது வெறும் 1.5 லிட்டர்தான். நீளமோ 5.3 மீட்டருக்கு மேல். இன்றைய அடையாறு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் விட்டால் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்!

வெளிநாட்டு கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. இம்பாலா வைத்திருந்தால் பெரிய ஆள் என்று அர்த்தம். அந்தக் காரில் எம்.ஆர்.ராதா மாட்டுக்கு வைக்கோல் ஏற்றினார் என்பது கோடம்பாக்கத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். ஆனால், ராதா இதைச் செய்திருக்க மாட்டார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அதற்குக் காரணம் அவர் வாழ்ந்த விதம்.

1907-ல் பிறந்தவர். பெயரில் உள்ள 'எம்' மெட்ராஸைக் குறிக்கும். சின்ன வயதிலேயே வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடி, நாடக கம்பெனியில் சேர்ந்தார். பின்னர் பெரியாரின் கொள்கைகளை மேடையேற்றினார். அவருடைய ராமாயண நாடகம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1954-ல் நாடகங்களைக் கட்டுப்படுத்த அரசு புதுச் சட்டமே கொண்டுவந்தது. மனுஷன் அசரவில்லை. கைதாவதும் வெளியே வந்து மறுபடி நாடகம் போடுவதும் அவருக்குப் பழகிப்போனது.

அதே ஆண்டு 'ரத்தக்கண்ணீர்' படம் வந்தது. திருவாரூர் கே.தங்கராசு எழுதிய கதை. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பணக்காரத் திமிர் பிடித்த மோகனசுந்தரம், தொழுநோயாளியாகித் தெருவுக்கு வருகிறான். வைக்கோல் கதையை மக்கள் நம்பியதற்கு இந்தப் படமும் ஒரு காரணம். பணத்தின் பகட்டைத் திரையில் இப்படிக் கிழித்தவர், நிஜத்தில் காரை மட்டும் கும்பிட்டுக்கொண்டிருப்பாரா என்ன?

1967 ஜனவரி 12. அடையாறு ஆற்றை ஒட்டிய ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். ராதா உடலிலும் குண்டுக் காயம். இருவரும் பிழைத்தாலும் எம்.ஜி.ஆரின் குரல் பழையபடி திரும்பவில்லை. ராதாவுக்கு 7 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் குறைந்தது. இன்றைய தலைமுறையில் பலருக்கு ராதா என்றால் இந்த வழக்குதான் ஞாபகம் வருகிறது. நாடக மேடையில் அவர் கழித்த பல பத்தாண்டுகள் அதன் நிழலில் மறைந்துபோனது பெரிய அநியாயம்.

விடுதலையான பிறகும் நடித்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் மிசாவில் மீண்டும் சிறைக்குப் போனார். 1979 செப்டம்பர் 17-ல் திருச்சியில் காலமானார். அன்று பெரியார் பிறந்தநாள்.