பல்லாவரத்தில் கிடைத்த கல்

சிவகாசியில் பொதிகை ஏறினால், காலையில் எழும்பூருக்குச் சற்று முன்னால் பல்லாவரம் வரும். தூங்கிடாதீங்க! 1863 மே 30 அன்று, அங்கிருந்த ராணுவ அணிவகுப்பு மைதானத்தின் சரளைக் குழியில் ஒருவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். வயது 28.

1834-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். அவர் வேலை பாறைகளை ஆராய்வது. பழங்கால மனிதனைத் தேடுவது அவர் சிலபஸிலேயே இல்லை. ஆனா அந்தக் கல்லில் சில்லு பெயர்த்த தடம் இருந்தது. தானா உடைஞ்ச கல் இல்ல, மனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கேதான் தொடங்கியது.

அதே ஆண்டு, வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கண்டார். பிறகு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். எது எந்த ஊரில் கிடைத்தது என்று குறித்தும் வைத்தார். 1904-இல் அந்தச் சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. 1912-இல் மறைந்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியானபோது அதைக் கேட்க அவர் இல்லை.

நம்ம வெம்பக்கோட்டைப் பக்கம், வைப்பாற்றங்கரையில் வித்தியாசமான கல் கண்ணில் பட்டா பையில் போட்டுடாதீங்க. போட்டோ எடுத்து, இடத்தைக் குறிச்சு, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. இடம் தெரியாத கல் வெறும் கல்தான்.